செயில் வேர்ல்ட்வைட் நிர்வாகத்துக்கு, ஒரு சுவோன் ரசிகனின் திறந்த மடல்

வணக்கம்.

நான் தென்கொரியாவின் சுவோன் நகரில் யோங்தோங் பக்கம் குடியிருப்பவன். மனதில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்குத் தாய்மொழிதான் கைகொடுக்கும், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். யாராவது மொழிபெயர்த்து உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தால் நல்லது. வராவிட்டாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்க் கால்பந்து அணி சுவோன் சாம்சங் ப்ளூவிங்ஸ் உங்கள் கையில் இருக்கிறது. 2014-ல் சாம்சங் எலக்ட்ரானிக்ஸிடமிருந்து உங்கள் விளம்பர நிறுவனத்துக்கு மாறியது. அப்புறம் கூடைப்பந்து, கைப்பந்து, 2016-ல் லயன்ஸ் பேஸ்பால் அணி என்று ஒவ்வொன்றாக உங்களிடமே வந்தன. எனக்குத் தெரிந்தது கால்பந்து மட்டும்தான், அதனால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2023 டிசம்பர் 2. கங்வோன் அணியுடன் சீசனின் கடைசி ஆட்டம். ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் கடைசி இடத்திலிருந்து தப்பியிருப்போம். 0-0. இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். எங்கள் சொந்த மைதானமான பிக் பேர்டில் 24,000 பேருக்கு மேல் இருந்தோம். விசில் ஊதிய பிறகு யாருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் அஜோசி (கொரிய மொழியில் மாமா மாதிரி) அன்று என் பக்கத்தில் இருந்தார். அறுபதைத் தொடப்போகிறவர், இந்த மைதானம் கட்டுவதற்கு முன்பிருந்தே ஆட்டம் பார்ப்பவர், என்னை முதன்முதலில் அங்கே கூட்டிப்போனவரும் அவர்தான். கழுத்திலிருந்த துண்டை எடுத்தார். நீலம், வெள்ளை, சிவப்பு, ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. அதை மடியில் வைத்து நான்காக மடித்தார், சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார், பைக்குள் வைத்தார். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ஆட்டக்காரர்கள் எங்கள் முன்னால் வந்து தலை குனிந்தார்கள். க்ளப் நிர்வாகிகளும் குனிந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் இரண்டு பயிற்சியாளர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள், ஏப்ரலில் லீ பியோங்-குன், செப்டம்பரில் கிம் பியோங்-சூ. பிறகு, இன்னும் ஆட்டக்காரராகவே இருந்த யோம் கி-ஹுனைக் கூப்பிட்டு எரிகிற வீட்டின் சாவியைக் கையில் கொடுத்தீர்கள். 2010-லிருந்து அந்த இடது காலால் இந்த ஊருக்கு எவ்வளவோ கொடுத்த மனிதர் அவர். இரண்டாம் பிரிவிலும் அவரையே வைத்தீர்கள். 2024 மே 25, சொந்த மைதானத்தில் சியோல் இ-லேண்டிடம் 3-1, தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. ரசிகர்கள் அணியின் பேருந்தை மறித்து நின்றார்கள். அவர் கண்ணீரோடு எங்கள் முன்னால் வந்து, பதவியை விட்டுப் போவதாகச் சொன்னார். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவன்தான். இன்றுவரை அது உறுத்துகிறது. கத்த வேண்டிய இடம் அவர் முகம் இல்லை.

2025 டிசம்பரிலும் அதே காட்சிதான். இரண்டாம் இடம் பிடித்து, மேலே ஏறுவதற்கான ப்ளே ஆஃப் வரை போனோம். ஜேஜூ அணியிடம் இங்கே 1-0, அங்கே 2-0 தோல்வி. பயிற்சியாளர் பியோன் சங்-ஹ்வான் தலை குனிந்துவிட்டுப் போனார். எங்கள் முன்னால் குனிவது எப்போதும் பயிற்சியாளர் அல்லது ஆட்டக்காரர். அவர்களை நியமித்தவர்கள், எந்த ஆட்டக்காரரை வாங்குவது, யாரை விற்பது, எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுத்தவர்கள் யார் என்பதே எங்களுக்குத் தெரியாது. என் குறை இதுதான்.

ஓ ஹியோன்-கியூ விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இளையோர் அணியான மேத்தான் உயர்நிலைப் பள்ளியில் வளர்ந்த பையன். 2022 அக்டோபரில், கீழே இறங்குவோமா தங்குவோமா என்று எஃப்சி அன்யாங்கோடு கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தில் 120-வது நிமிடம் தலையால் முட்டிக் கோல் போட்டு எங்களைக் காப்பாற்றினான். 21 வயது. மூன்றே மாதத்தில், ஜனவரியில், ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்குப் போனான். அவன் போனதில் வருத்தமில்லை, ஐரோப்பாவில் ஆட எந்தப் பையனுக்குத்தான் ஆசை இருக்காது, நாங்களே வாழ்த்தித்தான் அனுப்பினோம். ஆனால் அவன் இடத்தில் கோல் அடிக்க யாரைக் கொண்டுவந்தீர்கள்? 2023 டிசம்பரில் எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கோல்.

இந்த அணி எப்படி இருந்த அணி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1995 கடைசியில் தொடங்கி, 1996-ல் ஆடிய முதல் ஆண்டிலேயே இறுதி ஆட்டம். 1998, 1999, 2004, 2008 என்று நான்கு லீக் பட்டங்கள். பயிற்சியாளர் கிம் ஹோவின் காலத்தில் ஆசிய க்ளப் சாம்பியன் பட்டம் அடுத்தடுத்து இரண்டு முறை. உங்களிடம் வந்த பிறகு லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2014, 2015-ல் இரண்டாம் இடம், 2016, 2019-ல் எஃப்ஏ கோப்பை, அவ்வளவுதான். பணம் குறைந்தால் பட்டம் குறையும், அது புரிகிறது. கம்பெனி என்றால் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். சரி, குறைந்த பணத்தில் எப்படி ஆடப்போகிறோம் என்று ஒரு திட்டமாவது இருந்திருக்க வேண்டும் இல்லையா? பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் ஆட்டமும் அடியோடு மாறுகிறது, முந்தையவருக்காக வாங்கிய ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்காருகிறார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். மாநகராட்சிப் பணத்தில் நடக்கும் சுவோன் எஃப்சி இதே ஊரில் இரண்டு ஆண்டுகள் நமக்கு மேல் பிரிவில் ஆடியது. இப்போது அவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள், அதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை.

ரசிகர்கள் மட்டும் குறையவில்லை. 2024-ல் இரண்டாம் பிரிவில் ஆடியும் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். வெளியூர் ஆட்டம் என்றாலும் எங்கள் ரசிகர் குழுவான ப்ரெண்டே திரிகலர் கூட்டம் முரசோடும் கொடியோடும் போய், அந்தச் சின்ன மைதானங்களின் ஒரு பக்கத்தையே நீலமாக்கிவிடுகிறது. விளம்பரம் உங்கள் தொழில். ஒரு பெயருக்காக இவ்வளவு பேர் மழையிலும் குளிரிலும் நிற்பதன் மதிப்பு என்ன என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இப்போது குவாங்ஜு அணியிலிருந்து பயிற்சியாளர் லீ ஜங்-ஹ்யோவைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மனதாரச் சொல்கிறேன், நல்ல முடிவு. சின்ன அணியை வைத்துக்கொண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை போனவர். 2027-ல் முதல் பிரிவு 12 அணியிலிருந்து 14 ஆகிறது, மேலே ஏறும் வழியும் இந்த முறை கொஞ்சம் அகலம். ஏறிவிடுவோம் என்றே நம்புகிறேன். என் பயம் வேறு. ஏறியதும் வேலை முடிந்தது என்று நீங்கள் கையைத் துடைத்துக்கொள்வீர்களோ, மூன்று ஆட்டம் தோற்றால் இவரையும் எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவீர்களோ என்பதுதான்.

அதனால் கேட்பது இதுதான். அடுத்த மூன்று ஆண்டுக்கு இந்த அணியை எப்படி நடத்தப்போகிறீர்கள் என்று வாய் திறந்து சொல்லுங்கள். மேத்தான் பையன்களில் எத்தனை பேருக்கு முதல் அணியில் இடம் தருவீர்கள், ஒருவனை விற்றால் அந்தப் பணம் எங்கே போகும், இதற்கெல்லாம் பொறுப்பு யார், அவர் பெயர் என்ன. அந்த மனிதர் சீசனுக்கு முன் ஒரு நாள் பிக் பேர்டுக்கு வந்து ரசிகர்களோடு உட்கார்ந்து பேசட்டும். யாரும் கத்த மாட்டோம். அஜோசி இந்த ஆண்டும் சீசன் டிக்கெட் வாங்கிவிட்டார், துண்டின் ஓரத்தைத் தைத்து வைத்திருக்கிறார். நாங்கள் வடக்குப் பக்கம், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்போம்.

இப்படிக்கு,
யோங்தோங்கிலிருந்து ஒரு ப்ளூவிங்ஸ் ரசிகன்