பொலினீசியச் சொற்பட்டியல்: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பசிபிக் தீவுகளுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ‘பொலினீசிய மொழி’ச் சொற்பட்டியல் நல்ல முயற்சி. ஆனால் அதை அப்படியே கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால் சங்கடம்தான். ‘பொலினீசிய மொழி’ என்று ஒன்று கிடையாது. சமோவா, டோங்கா, தஹீத்தி, நியூசிலாந்தின் மாவோரி, ஹவாய் ஆகியவை ஒரே குடும்பத்துத் தனித்தனி மொழிகள். வீடு என்பது சமோவாவிலும் டோங்காவிலும் ‘ஃபலெ’, தஹீத்தியில் ‘ஃபரெ’, ஹவாயில் ‘ஹலெ’. உறவு தெரிகிறது, அதற்காக ஒன்றின் வணக்கத்தை இன்னொன்றில் சொல்ல முடியாது. பட்டியலின் முதல் சொல்லான ‘புலா’ ஃபிஜி மொழிச் சொல். ஃபிஜி மொழி இவற்றுக்குப் பங்காளி முறை. பொலினீசியக் கிளைக்குள் வராது.

விடைபெறும் சொல்லாக ‘நொஃபொ ஆ’ என்று மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். இது டோங்கா மொழி. புறப்படுகிறவர், இருக்கிறவரைப் பார்த்துச் சொல்வது. இருக்கிறவர், புறப்படுகிறவரைப் பார்த்து ‘அலு ஆ’ என்பார். மாவோரியிலும் இதே ஏற்பாடு: போகிறவருக்கு ‘ஹயெரெ ரா’, தங்குகிறவருக்கு ‘எ நொஹொ ரா’. வாசலில் நின்று விருந்தாளியை வழியனுப்பும்போது ‘நொஃபொ ஆ’ என்றால், கிளம்பியவரை உட்காரச் சொன்ன கதையாகிவிடும்.

எழுத்துப்பெயர்ப்பு இன்னொரு சிக்கல். உயிரொலியின் குறில் நெடில் இந்த மொழிகளில் பொருளையே மாற்றும். சமோவாவில் ‘தம’ என்றால் பையன், ‘தமா’ என்றால் அப்பா. ஆங்கில எழுத்தில் மேற்கோடு போடாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை, கேட்டபடி எழுதினால் போதும். இரண்டு உயிர்களுக்கு நடுவே தொண்டையில் சட்டென்று ஒலியை நிறுத்தும் இடத்தையும் நாம் உயிரெழுத்தைத் தனியே போட்டுக் காட்டலாம்: ‘ஃபை’ என்றால் செய், ‘ஃபஇ’ என்றால் வாழைப்பழம். சமோவா எழுத்தில் வரும் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தின் ஒலி நம் ங. ஆகவே நீங்கள் ‘பாகோ பாகோ’ என்று அச்சிட்ட ஊர் ‘பஙோ பஙோ’. அரிச்சுவடியோடு ஓய்வு பெற்றுவிடும் நம் ஙகர வரிசைக்கு இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது!

நன்றி சொல்ல ‘ஃபஅஃபெத்தை’ என்று பட்டியலில் இருப்பது சரி. ஆனால் சமோவாவில் இறங்கியதும் காதில் விழப்போவது ‘ஃபஅஃபெக்கை’. அன்றாடப் பேச்சில் தகரம் ககரமாகும், னகரம் ஙகரமாகும். பள்ளி, தேவாலயம், வானொலி எல்லாம் தகரத்தில் பேசும். ஊர்ச் சபையில் தலைவர்கள் ஆற்றும் உரையோ பெரும்பாலும் ககரத்தில்தான், ஆகையால் அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட முடியாது. வெளியூரார் தகரத்திலேயே பேசுவது நல்லது.

‘நாம்’ என்பதற்கு ஒரே சொல்லைக் கொடுத்தது ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து எழுதியதால் வந்த வினை. நமக்கு நாம், நாங்கள் என்ற வேறுபாடு பிறப்பிலேயே உண்டு. சமோவாவிலும் அப்படியே, கேட்பவரையும் சேர்த்தால் ‘தாத்தொவ்’, விட்டுவிட்டால் ‘மாத்தொவ்’. தமிழர் தடுக்கி விழுவது வேறிடத்தில். அங்கே இருமைக்குத் தனி வடிவம் உண்டு. நீயும் நானும் என்றால் ‘தாஉஅ’, அவரும் நானும் என்றால் ‘மாஉஅ’. மூன்று பேராவது இருந்தால்தான் பன்மை. அதேபோல மாவோரியில் ஒருவருக்கு ‘தேனா கொயெ’, இருவருக்கு ‘தேனா கோருவ’, மூவர் முதல் ‘தேனா கொவ்தொவ்’. நாம் ‘நீங்கள்’ என்று மரியாதைக்குப் பன்மை போடுகிற பழக்கத்தில், தனியாக நிற்கும் பெரியவரிடம் கடைசி வடிவத்தைச் சொன்னால் அவர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

சமோவாவில் மரியாதை வேறு வழியில் வருகிறது: சொல்லே மாறும். ‘வா’ என்பது ‘சவ்’. ‘மதை’ எனப்படும் குடும்பத் தலைவரை அழைக்கும்போது, அவர் பட்டத்தின் வகையைப் பொறுத்து ‘அஃபியொ மை’ அல்லது ‘மலியு மை’. உயர் தலைவருடைய வீடு ‘ஃபலெ’ அல்ல, ‘மவொத்த’. இந்தச் சொற்களைத் தன்னைப் பற்றி யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

காவா (சமோவாவில் ‘அவ’) என்ற வேர்ப்பானத்தைக் குடிக்கும் முறையையும் ஃபிஜியிலிருந்து எடுத்துவிட்டீர்கள். முன்னால் ஒரு கைதட்டல், ஒரே மூச்சில் காலி, பின்னால் மூன்று கைதட்டல் என்பது ஃபிஜி வழக்கம். 1903 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தென்னிந்தியர்களின் வழிவந்தோருக்கு அது நன்றாகத் தெரியும். சமோவாவில் பலகால் கொண்ட மரக்கிண்ணத்தில் வேர்த்தூளைத் தண்ணீரில் கரைத்து, மரப்பட்டை நாரால் வடிகட்டுவார்கள். கலக்குகிறவர் நாரைப் பிழிந்து வெளியே நிற்பவரிடம் வீசுவார். அவர் சக்கையை உதறித் திரும்ப வீசுவார். அந்தப் பாதையில் குறுக்கே போகக் கூடாது. உங்கள் பெயரை அறிவித்ததும் சிரட்டை உங்களிடம் வரும். இரண்டு சொட்டு கீழே சிந்திவிட்டு ‘மனுயிய’ என்க, மற்றவர்கள் ‘சொயிஃபுவ’ என்பார்கள். முழுக்கக் குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வாய் குடித்து மிச்சத்தைக் கொட்டிவிடலாம். உட்கார்வது சம்மணம் போட்டுத்தான். கால் மரத்துப் போனால் நீட்டலாம், ஆனால் பாயால் மூடிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பவர் முன்னே கடக்கும்போது குனிந்து ‘துலொவ்’ என்று சொல்லிப் போவது உங்கள் பட்டியலில் இல்லை. வேறெதை விட்டாலும் இதை விட்டிருக்கக் கூடாது.

மாலைப் பிரார்த்தனை நேரமான ‘சா’ பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பொழுது சாயும்போது சங்கு ஊதுவார்கள், அல்லது தொங்கவிட்ட பழைய எரிவாயு உருளையைத் தட்டுவார்கள். பத்து இருபது நிமிடம் ஊருக்குள் நடமாட்டம் இருக்காது. சாலையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

கடைசியாக, ‘சமோவா உமு’ (சூட்டுக்கல் அடுப்பு) என்று போட்ட படத்தில் இருப்பது மாவோரிகளின் ஹாங்கி. குழி தோண்டி மண் மூடுவது அது. சமோவா உமு தரைக்கு மேலே: விறகில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, கொள்ளியை அகற்றிக் கற்களைப் பரப்பி, கிழங்கும் மீனும் வைத்து வாழையிலைகளால் மூடுவார்கள். கூடவே தந்த பலுசாமி குறிப்பில் 15 நிமிடம் என்று இருக்கிறது. அதில் தேங்காய்ப்பாலோடு மடிப்பது சேம்பு இலை. குறைந்தது முக்கால் மணி நேரம் வேகாவிட்டால் தொண்டை அரிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆக்லாந்து, நியூசிலாந்து