பழைய டேட்டாபேஸ் மேல் புது பைதான் கோட் எழுதும் நண்பர்களுக்கு

வணக்கம். பழைய டேபிளில் இருக்கும் நெடுவரிசைப் பெயர்களை அப்படியே பைதான் கோடுக்குள் இழுத்து வராதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 'டிடி2' என்று ஒரு நெடுவரிசை இருந்தது. இரண்டாவது தேதி, சரி, எதன் தேதி? ஆர்டர் ரத்தான தேதி. டேபிளை வடிவமைத்தவர் எப்போதோ போய்விட்டார். எங்களில் ஒருவர் அதை டெலிவரி தேதி என்று நினைத்து ரிப்போர்ட் எழுத, ரத்தான ஆர்டர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தவையாகவே மூன்று மாதம் கணக்கில் நின்றன. அவர் மேல் தப்பே இல்லை, அந்தப் பெயரைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

டேட்டாபேஸிலேயே பெயரை மாற்றிவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். இரவில் ஓடும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், யாரோ வைத்திருக்கும் எக்செல், டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் என்று பலதும் அந்தப் பெயரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் வைத்தவர்களைத் திட்டவும் வேண்டாம். ஆரக்கிள் டேட்டாபேஸில் 12.1 பதிப்பு வரை ஒரு பெயருக்கு 30 பைட்தான், டிபேஸ் என்ற பழைய டேட்டாபேஸில் 10 எழுத்துதான், சுருக்காமல் என்ன செய்வார்கள்?

மாற்ற வேண்டிய இடம் மாடல், அதாவது அந்த டேபிளுக்காகப் பைதானில் எழுதும் கிளாஸ். ஜாங்கோ என்ற பைதான் வெப் ஃபிரேம்வொர்க்கில் ஃபீல்டுக்குப் புரியும் பெயரை வைத்துவிட்டு, 'டிபி_காலம்' ('காலம்' என்றால் நெடுவரிசை) என்பதில் பழைய பெயரைக் கொடுங்கள். டேட்டாபேஸோடு பேச உதவும் எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரியில் 'மேப்டு_காலம்' வாங்கும் முதல் ஆர்கியூமென்ட்டே அதற்குத்தான். எஸ்க்யூஎல் குவெரியை நேராக எழுதுகிறவர்கள் 'ஏஸ்' போட்டுப் புதுப் பெயர் கொடுக்கலாம், பாண்டாஸ் லைப்ரரி என்றால் டேட்டாவைப் படித்த கையோடு 'ரீநேம்'. அப்புறம் டிடி2 என்ற பெயர் அந்த ஒரு வரியைத் தவிர வேறெங்கும் வரக்கூடாது.

ஜாங்கோவின் 'இன்ஸ்பெக்ட்டிபி' கட்டளை டேபிளைப் பார்த்து மாடலை எழுதித் தந்துவிடும், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பெயர்களைச் சின்ன எழுத்தாக்கும், 'கிளாஸ்', 'ஃப்ரம்' மாதிரி பைதான் தனக்கென்று வைத்திருக்கும் சொல் வந்தால் பின்னால் '_ஃபீல்டு' என்று ஒட்டும், டிடி2 எதன் தேதி என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை நாம்தான் உள்ளே இருக்கும் மதிப்புகளைப் பார்த்தும், அந்த டேட்டாவை நாள் முழுக்கப் பதிகிறவர்களிடம் கேட்டும் கண்டுபிடிக்க வேண்டும். தெரியாவிட்டால் பழைய பெயரையே விட்டுவிடுங்கள், ஊகித்து வைத்த அழகான பெயரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதனால் அதுதான் கூடுதல் ஆபத்து. எங்கள் மாடலில் இன்றும் 'எஃப்எல்ஜி3' என்று ஒன்று அப்படியே இருக்கிறது, மேலே ஒரு கமென்ட்: "பொருள் தெரியவில்லை. இதுவரை 'ஒய்' மட்டும்தான் பார்த்திருக்கிறோம்."

அன்புடன்,
இதே வேலை பார்க்கும் ஒருவன்