புத்தகப் பட்டியலை ஆன்லைன்ல போட பெரிய சர்வர் வேணாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிராங்கூன் பக்கம் ஒரு சங்கத்துல சின்ன நூலகம் இருக்கு, ஞாயித்துக்கிழமைல நாந்தான் திறந்து பாத்துக்கிறேன். மூவாயிரத்துச் சொச்சம் தமிழ்ப் புத்தகம். போன வருஷம் கேட்டலாக்கை ஆன்லைன்ல போடலாம்னு ஒரு கம்பெனிகிட்ட விலை கேட்டோம், அவங்க 32 ஜிபி ரேம்ல ரெண்டு சர்வர், வருஷா வருஷம் சப்போர்ட்டுக்குத் தனிக் காசுன்னு கொட்டேஷன் அனுப்பினதும் கமிட்டில எல்லாரும் மிரண்டுபோய் பேச்சையே விட்டுட்டாங்க. மத்த சங்கங்கள்லயும் இப்படித்தான் நின்னுபோயிருக்கும்னு தோணுது, அதான் எழுதுறேன்.

ஒரு புத்தகத்தோட விவரத்தை மார்க் 21ங்கிற, நூலகங்கள் பொதுவா பயன்படுத்துற பதிவு முறையில எழுதினாலும் ரெண்டு மூணு கிலோபைட்தான் வரும். கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில 'க'வுக்கு மூணு பைட், 'கொ'வுக்கு ஆறு, தமிழ் கொஞ்சம் இடம் பிடிக்கத்தான் செய்யும், அப்படியும் எங்க மொத்தப் பட்டியலும் பத்து எம்பிக்குள்ள அடங்கிரும், கைப்பேசில எடுக்கிற ரெண்டு மூணு போட்டோ அளவு! கோஹான்னு ஒரு இலவச நூலக மென்பொருள் இருக்கு, நியூசிலாந்துல ஹோரோஃபெனுவாங்கிற மாவட்டத்து நூலகங்களுக்காக 1999ல எழுத ஆரம்பிச்சு 2000 ஜனவரில புழக்கத்துக்கு வந்தது, மாவோரி மொழில அந்தப் பேருக்கு அன்பளிப்புன்னு அர்த்தம். டெபியன் லினக்ஸ், மரியாடிபி டேட்டாபேஸ், அப்பாச்சி வெப் சர்வர்னு இலவசமா கிடைக்கிற மென்பொருள்கள் மேல ஓடும். எங்கள மாதிரி நூலகத்துக்கு ரெண்டு கோர், 4 ஜிபி ரேம், 40 ஜிபி எஸ்எஸ்டி தாராளம், மாச வாடகைக்கு கிளவுட்ல எடுத்தா சந்தாக் காசுலயே கட்டிரலாம்.

நிஜமாவே கஷ்டம் வேற இடத்துல இருக்கு. எங்க பழைய எக்செல் ஃபைல் பாமினி எழுத்துருல அடிச்சது, அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும். அதை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாத்தினோம், அப்பவும் 'பாரதியார்'னு தேடினா மூணு புத்தகம் வரல. பெருசாக்கிப் பாத்தா யாரோ துணைக்கால் போட வேண்டிய இடத்துல 'ர' அடிச்சிருக்காங்க, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற எழுத்து. அதே மாதிரி கோஹாவுல ஜீப்ரான்னு ஒரு தேடல் இன்ஜின் இருக்கு, அதுல பல மொழி எழுத்தையும் கையாளத் தெரிஞ்ச ஐசியு முறையை ஆன் பண்ணி மறுபடி இன்டெக்ஸ் ஓட்டாட்டி தமிழ்த் தேடல் ஒழுங்கா வராது. கொட்டேஷன்ல இதப் பத்தி ஒரு வரி இல்ல. 1997லயே கணினித் தமிழுக்காக தமிழ்நெட் மாநாடு நடந்த ஊரு நம்ம சிங்கப்பூர், நா. கோவிந்தசாமி மாதிரி ஆளுங்க கணினில தமிழுக்காக உழைச்ச ஊரு, இங்க தமிழ்ல தேட முடியாத ஒரு பட்டியலுக்கு யாரும் காசு கொடுக்கக் கூடாது.

இன்னொண்ணு பேக்கப். முன்னாடி எங்க பட்டியல் ஒரே ஒரு டெஸ்க்டாப்புல இருந்துச்சு, ஹார்ட்டிஸ்க் போனதோட எல்லாம் போச்சு, ஒரு பெரியவர் கையால எழுதி வச்ச அட்டைகள் ஷூ டப்பால இருந்ததால தப்பிச்சோம், நாலு மாசம் உக்காந்து திரும்ப அடிச்சோம். தினமும் ராத்திரி டேட்டாபேஸ் நகல் ஒண்ணு வேற இடத்துக்குத் தானா போகணும், மாசத்துக்கு ஒருதடவை அந்த நகல் திறக்குதான்னு சோதிச்சும் பாக்கணும். உறுப்பினர் பதிவுல ஐசி (அடையாள அட்டை) நம்பர் எழுதி வச்சிருந்தா அதை ஆன்லைனுக்குக் கொண்டு போகாதீங்க, 2019 செப்டம்பர்லேந்து சட்டத் தேவையோ, ஆளை ரொம்பத் துல்லியமா உறுதிப்படுத்த வேண்டிய அவசியமோ இல்லாம அதை வாங்கக் கூடாது. உறுப்பினர் எண் ஒண்ணு போதும்.

பாலிடெக்னிக்ல, யுனிவர்சிட்டில ஐடி படிக்கிற தமிழ் இளையர்கள் எத்தனையோ பேர் இருக்கீங்க. உங்க பேட்டைல இருக்கிற சங்கத்துக்கோ கோயில் நூலகத்துக்கோ ரெண்டு சனிக்கிழமை ஒதுக்கினா கோஹாவை நிறுவிக் கொடுத்துரலாம், புத்தக விவரம் அடிக்கிற வேலைய எங்கள மாதிரி வயசானவங்க பாத்துக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நூலகத் தொண்டூழியர்,
சிங்கப்பூர்