கத்திரி வெயிலில் ராத்திரிக்கு என்ன சமைக்க?

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல சுகம்.

"ராத்திரிக்கு என்னம்மா செய்ய?" என்று நீ போனில் கேட்பது எப்போதும் ஏழரை மணிக்கு. அந்த நேரத்துக்கு என்ன சொன்னாலும் உபயோகம் இல்லை. அரிசி ஊறியிருக்காது, தயிர் புளித்திருக்கும், நீயும் வேர்த்து விறுவிறுத்துப் போயிருப்பாய். கடைசியில் பரோட்டா பார்சல்தான். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும், மாதக் கடைசி வரை விடாது. அதற்குள் இதைப் படித்துப் பழகிக்கொள்.

வெயில் காலத்தில் ராச்சாப்பாட்டை நாக்கைக் கேட்டு முடிவு செய்யாதே. வீட்டில் எது முதலில் கெடப்போகிறதோ, அதுதான் அன்றைய ராச்சாப்பாடு. இந்த முடிவைக் காலையில் பல் தேய்த்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து எடுத்துவிட வேண்டும். தேங்காய் போட்ட கூட்டோ குழம்போ மீந்திருந்தால் அதற்கு முதல் இடம். அடுத்து கீரை. பிறகு பொங்கி நிற்கிற மாவு, புளிக்கத் தொடங்கிய தயிர். நீர்க்காய்கள் இரண்டு மூன்று நாள் தாங்கும். முட்டை, அவல், சேவைப் பாக்கெட் எல்லாம் காத்திருக்கும். காத்திருப்பதை முதலில் சமைத்துவிட்டு, கெடுகிறதைக் குப்பையில் கொட்டுவதுதான் தனியாக இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் செய்கிற தப்பு.

இன்னொரு கணக்கும் உண்டு. அடுப்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்பதைவிட, நீ அதன் முன்னால் எத்தனை நிமிடம் நிற்கிறாய் என்று பார். இட்லிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவி வேண்டும், ஆனால் தட்டை உள்ளே வைத்துவிட்டு நீ குளிக்கப் போகலாம். ஆறு தோசைக்கு இருபது நிமிடம் கல்லை விட்டு நகர முடியாது. சப்பாத்தி அதைவிட மோசம்; பிசைய, தேய்க்க, சுட என்று முக்கால் மணி நேரம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற உன் வீட்டில் பகலெல்லாம் வாங்கின சூட்டைத் தளம் ராத்திரி பத்து மணி வரை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சமையலறையில் மே மாதம் சப்பாத்தி சுடுகிற வேலையே வேண்டாம். அடுப்பு எரியும்போது ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைக்கவும் வேண்டாம். தீ பக்கவாட்டில் ஓடும், பாத்திரம் காயாது, கேஸ்தான் வீண். ஜன்னலைத் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு.

சோற்றில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீ அதில்தான் அலட்சியமாக இருக்கிறாய். காலையில் வடித்த சோற்றை மேடையிலேயே மூடி வைத்துவிட்டு ராத்திரி சூடு பண்ணிச் சாப்பிடுகிறாய். அது கூடாது. அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் விதை கொதியிலும் சாகாது. சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சைச் சேர்த்துவிடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வாடை வராது, நூல் விடாது, ஆனால் வயிறு கலங்கும். மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் போய்விட வேண்டும். அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். குக்கரோடு வைத்தால் நடுவில் சூடு பல மணி நேரம் நிற்கும்.

தயிர்சாதம் எளிது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. ஒரு ஆளுக்கு அரை கப் பொன்னி அரிசி, இரண்டு கப் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில். குழைய வேண்டும், உதிரியாக வந்தால் தயிர் தனியே, சோறு தனியே நிற்கும். சூடு இருக்கும்போதே கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, காய்ச்சின பால் அரை கப் ஊற்றிக் கிளறிவிடு. பிறகு கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறட்டும். கொதிக்கிற சோற்றில் தயிர் ஊற்றினால் திரிந்து திப்பித் திப்பியாகிவிடும். உடனே சாப்பிடுவதானால் முக்கால் கப் தயிர். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிடுவாய் என்றால் பாலை ஒரு கப்பாகக் கூட்டி, தயிரை இரண்டு ஸ்பூனாகக் குறைத்துக்கொள். சாப்பிடும் நேரத்துக்குப் புளிப்பு சரியாக ஏறியிருக்கும். ஆறினால் இறுகும் என்பதால் கலக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். தாளிக்க ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பொடியாக நறுக்கின இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெள்ளரிக்காயோ மாங்காயோ துருவிப் போடுவதானால் தட்டில் வைத்த பிறகு போடு. முன்னாலேயே போட்டால் உப்புப் பட்டு நீர் விட்டுச் சோறு சளசளத்துவிடும்.

தயிர் ஏன் எப்போதும் புளிக்கிறது என்று கேட்டாயே, காரணம் நேரம்தான். மார்கழியில் பத்து மணி நேரம் பிடிக்கிற உறை இப்போது நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். ராத்திரி பத்துக்கு உறை ஊற்றி ஏழுக்கு எழுந்தால் நாலு மணி நேரம் வீணாகப் புளித்திருக்கும். விடிகாலை எழுந்ததும் அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறினதும் அரை டீஸ்பூன் உறை விட்டு வை. ஆபீஸ் கிளம்பும்போது பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்து, அசையாமல் நின்றால் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போ. ராத்திரியில்தான் முடியும் என்றால் பால் முழுக்க ஆறின பிறகு கால் டீஸ்பூன் போதும்.

அப்படியும் புளித்துவிட்டால் கொட்டாதே, அன்றைக்கு மோர்க்குழம்பு. ஒரு டேபிள்ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு டீஸ்பூன் பச்சரிசி, ஒரு டீஸ்பூன் தனியா, அரை டீஸ்பூன் சீரகம், இவற்றை அரை மணி நேரம் ஊறவை. மூன்று ஸ்பூன் தேங்காய்த் துருவல், மூன்று பச்சை மிளகாய், துளி இஞ்சியோடு நைசாக அரைத்துக்கொள். தடியங்காய்த் துண்டுகளை மஞ்சள், உப்புப் போட்டு வேகவைத்து (அங்கே கடையில் வெண்பூசணி என்று கேள்), அரைத்ததைச் சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்கவிடு. பச்சை வாடை போகவேண்டியது இந்தக் கட்டத்தில்தான், பிறகு கொதிக்கவிட முடியாது. அடுப்பைச் சின்னதாக்கி, கடைந்த கெட்டி மோர் இரண்டு கப் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டினதும் இறக்கிவிடு. தளதளவென்று கொதித்தால் மோர் பிரிந்து தண்ணீரும் திப்பியுமாக நிற்கும். ஊறவைத்த பருப்பும் அரிசியும் சேர்ப்பது அந்தப் பிரிதலைத் தடுக்கத்தான், ருசிக்கு மட்டும் இல்லை. தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய் தாளித்துக் கொட்டு. சூடாக இருக்கும்போது மூடி வைக்காதே.

மாவு சங்கதிக்கு வருகிறேன். நாலு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே ஊறவைக்காதே, ஊறும்போதே புளிக்க ஆரம்பிக்கும், ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும். நீ மிக்சியில் அரைப்பதால் ஐஸ் தண்ணீர் விட்டு, இடையிடையே நிறுத்தி நிறுத்தி அரை. மிக்சி சூடானால் மாவும் சூடாகும், அப்புறம் இட்லி கல்லாகத்தான் வரும். உப்பை அரைத்ததுமே போட்டுவிடு, புளிப்பைக் கொஞ்சம் நிதானப்படுத்தும். பிறகு மாவை இரண்டாகப் பிரி. ஒரு பாதி பொங்காமலே நேராக ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். மறுபாதியைப் பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் ஏறாமல் வெளியே வை. சாயங்காலம் ஆறுக்கு அரைத்தால் படுக்கப்போகும் பதினொரு மணிக்குப் பொங்கியிருக்கும். விடியட்டும் என்று விடாமல் அப்போதே உள்ளே வைத்துவிடு. பொங்கின பாதி தீர்ந்ததும் பொங்காமல் வைத்த பாதியை எடுத்துப் பொங்கவைத்துக்கொள்ளலாம். ஒரே மாவு ஒரு வாரம் புளிக்காமல் வருவதற்கு வேறு வித்தை ஒன்றும் கிடையாது. கடை மாவு வாங்கினால் பாக்கெட் உப்பியிருக்கிறதா என்று பார். உப்பியிருந்தால் ஏற்கனவே பாதி புளித்தது என்று அர்த்தம்.

கொஞ்சம் புளித்த மாவில் இரண்டு ஸ்பூன் ரவை, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்று, புளிப்பே அதற்கு அழகு. மேலே கலர் கலராகப் பூஞ்சை பூத்தாலோ, சாராய வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி அரைத்தால் அந்த வேளைக்கு மட்டும் அரை. இந்த வெயிலுக்கு மூன்று நாலு மணி நேரத்தில் ஊசிப்போகும். பருப்புத் துவையல் நல்லது: அரை கப் துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, நாலு வற்றல் மிளகாய், இரண்டு பல் பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு வைத்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள். அரைக்கிற வேலை எதுவானாலும் காலையிலேயே முடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடு. வெயில் காலத்தில் ராத்திரி ஏழு, எட்டு மணிக்குத் தெருவெல்லாம் ஏசி ஓடும், அப்போதுதான் கரண்டும் போகும். போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதே. மூடியே வைத்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும்.

காய்க்கு சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, தடியங்காய் போதும். சீக்கிரம் வேகும், தன் தண்ணீரிலேயே வேகும். ஒன்றை மட்டும் மறக்காதே: சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி எதை நறுக்கினாலும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமை. கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடு. அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் வெல்லம் போட்டாலும் போகாது, வாந்தி எடுக்க வைக்கும். முப்பது ரூபாய்க் காய்க்காக ஆஸ்பத்திரி போக வேண்டாம்.

அடுப்பே பற்றவைக்க மனசில்லாத நாளும் வரும். அதற்குத்தான் கெட்டி அவல் எப்போதும் டப்பாவில் இருக்க வேண்டும். ஒரு கப் அவலைக் களைந்து, மூழ்கத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துகொள். மெல்லிசு அவலானால் தண்ணீர் தெளித்தாலே போதும், ஊறவைத்தால் கூழாகிவிடும். ஒரு கப் தயிர், உப்பு, துருவின வெள்ளரி, பொடியாக நறுக்கின மாங்காய், ஒரு மோர் மிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பிசைந்தால் முடிந்தது. அதுவே ஒரு சின்ன மாம்பழத்தோடு வயிறு நிறையும். ராத்திரி தயிர் ஆகாது என்று யாராவது சொன்னால் மோராகக் கடைந்து ஊற்றிக்கொள். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. பகலெல்லாம் வேர்த்த உடம்புக்கு அந்த உப்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நம்மூர்ச் சாப்பாடு கேட்டால் உளுந்தஞ்சோறு வை, ஒரே பாத்திரத்தில் முடியும். ஒரு கப் அரிசிக்கு அரை கப் உடைத்த கறுப்பு உளுந்து, உளுந்தை மட்டும் வெறும் சட்டியில் வாசம் வர வறுத்துக்கொள். பத்துப் பல் பூண்டு, அரை டீஸ்பூன் வெந்தயம், ஒரு டீஸ்பூன் சீரகம், அரை கப் தேங்காய்த் துருவல், உப்பு, நாலு கப் தண்ணீர், நாலு விசில். அடுப்பை அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கட்டும். தேங்காய் சேர்ந்ததால் மறுநாளைக்கு வைக்காதே. எள்ளுத் துவையல்தான் ஜோடி. எள் சூடு என்று பயந்தால் வற்றல் பொரித்துக்கொள்.

பார்சலில் மோர் மிளகாய், சுண்டை வற்றல், கூழ் வடகம் மூன்றும் அனுப்புகிறேன். வந்ததும் ஒரு நாள் மொட்டை மாடியில் காயவைத்துவிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் போடு. சென்னைக் காற்றின் ஈரத்தில் நமுத்துப்போனால் வடகம் பொரியாமல் எண்ணெய் குடிக்கும். மோர் மிளகாயை மிதமான சூட்டில் போட்டு, கறுப்பாகும் முன்னாலேயே எடுத்துவிடு. வெளியே எடுத்த பிறகும் அதன் சூட்டில் நிறம் ஏறும். பொரிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், நெடி தாங்காது. அவலும் தனியே ஒரு கிலோ வைத்திருக்கிறேன், கெட்டி அவல்தான்.

இப்படிக்கு,
அம்மா