நிறுவன அலகுகளின் மாற்றங்களைத் தணிக்கை செய்யும் சேவை தொடர்பான முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டிரெக்டரியில், அவற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவன அலகுகளில் யார், எப்போது, என்ன மாற்றம் செய்தார் என்பதை அறியத் தரும் தணிக்கைச் சேவையை, எங்கள் தேயிலைத் தோட்டங்களின் ஹட்டன் பிராந்திய அலுவலகம் தங்களிடமிருந்து பெற்று வருகிறது. கடந்த மாதம் தாங்கள் அனுப்பிய அறிக்கை உண்மைக்குப் புறம்பானது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.

சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு தொழிற்சாலை அலுவலகத்தின் கணினிகளில், தொழிலாளரின் வரவையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் கோப்புறை காணப்படவில்லை. அந்த அலுவலகத்துக்குரிய அலகு, தோட்டங்களுக்கான அலகிலிருந்து நகர்த்தப்பட்டு, பாவனையிலிருந்து நீக்கிய கணினிகளின் அலகுக்குக் கீழே கிடந்தது. தோட்டங்களுக்கான அலகில் இணைத்திருந்த, அந்தக் கோப்புறையைக் கணினிகளுக்குத் தரும் குரூப் பொலிசி என்ற அமைப்பு விதி அதனால் வந்து சேரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க நண்பகலாகிவிட்டது. அதுவரை தாளில் எழுதிய கணக்கைப் பின்னர் அவசரமாகப் பதிந்ததில், கொழுந்து எடுத்த இரண்டு பெண்களுக்கு முழு நாள் சம்பளத்துக்குரிய முழுப் பேருக்குப் பதிலாக, அரை நாளுக்குரிய அரைப் பேர் விழுந்துவிட்டது.

அலகைத் திருப்பி வைக்குமுன், மாற்றம் எந்தச் சேர்வரில், எப்போது நடந்தது என்று காட்டும் ரெப்அட்மின் கட்டளையால் பார்த்தேன். முந்திய நாள் மாலை 4.47க்கு, ஹட்டனிலுள்ள டொமைன் கன்ட்ரோலரிலேயே (ஆக்டிவ் டிரெக்டரியை இயக்கும் சேர்வர்) மாற்றம் நிகழ்ந்திருந்தது. யாருடைய கணக்கால் நிகழ்ந்தது என்பதை அந்தத் தரவு காட்டாது. அதைக் காட்டக்கூடியது பாதுகாப்புப் பதிவேட்டில் விழும் 5139 என்ற நிகழ்வுதான்: அலகின் பழைய இடம், புதிய இடம், கணக்கின் பெயர் மூன்றும் அதில் இருக்கும். அன்றே தங்களுக்கு எழுதினேன். விசாரணை முடியும்வரை சேர்வரைத் தொட வேண்டாம் என்று தங்கள் தரப்பினர் சொன்னார்கள், நான் தொடவில்லை. ஒன்பது நாள் கழித்து, "மாற்றம் எதுவும் இல்லை" என்ற ஒரே வரியுடன் அறிக்கை வந்தது.

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே, சேவை தொடங்கிய நாளிலிருந்து கொழும்பிலுள்ள கன்ட்ரோலரின் பதிவேட்டை மட்டுமே வாசித்து வந்ததாகத் தங்கள் பொறியியலாளர் ஒப்புக்கொண்டார். மாற்றம் எந்தக் கன்ட்ரோலரில் செய்யப்படுகிறதோ அதன் பதிவேட்டில்தான் இந்த நிகழ்வு பதியும். மாற்றம் மற்ற சேர்வருக்கு நகலாகும்போது நிகழ்வு கூடவே போவதில்லை. மழைக்காலத்தில் கொழும்புத் தொடர்பு அடிக்கடி அறுந்துபோவதால்தான் ஹட்டனில் தனியாக ஒன்றை வைத்திருக்கிறோம் என்பதை ஒப்பந்தத்தின்போதே சொல்லியிருந்தோம். ஹட்டன் பதிவேட்டை நான் திறந்தபோது, 128 மெகாபைட் நிரம்பிப் பழையவை மேலெழுதப்பட்டு, கடைசி மூன்று நாட்களின் பதிவுகளே எஞ்சியிருந்தன.

அன்று மாலை அலுவலகத்தில் தனியாக இருந்தவர் எங்கள் பயிலுநர் இளைஞர் ஒருவர். தாம் செய்யவில்லை என்கிறார். நான் அவரை நம்புகிறேன். அதை நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. நிர்வாகம் அவருடைய அனுமதிகளை நீக்கிவைத்திருக்கிறது. நான் எழுதிய அன்றே, பார்க்காத சேர்வரைப் பற்றி "பார்க்கவில்லை" என்று பதில் தந்திருந்தால், பதிவேட்டை அப்போதே நானே பிரதி எடுத்திருப்பேன்.

ஆகவே, ஹட்டன் கன்ட்ரோலரை உடனடியாக இணைத்து, சோதனைக்காக ஓர் அலகை அங்கே உருவாக்கி, நகர்த்தி, அழித்து, முறையே அவற்றுக்குரிய 5137, 5139, 5141 ஆகிய மூன்று நிகழ்வுகளும் அறிக்கையில் வருவதை என் முன்னிலையில் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்தக் கன்ட்ரோலர்கள் வாசிக்கப்பட்டன என்பது இனி ஒவ்வோர் அறிக்கையிலும் குறிக்கப்பட வேண்டும். ஹட்டன் கண்காணிக்கப்படாத காலத்துக்குரிய கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, கடந்த மாத அறிக்கை ஹட்டன் சேர்வரை உள்ளடக்கவில்லை என்பதை எழுத்தில், தங்கள் கையொப்பத்துடன், இந்த வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள். அந்த இளைஞரின் விசாரணை வரும் திங்கட்கிழமை நடைபெறவுள்ளது.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர்,
பிராந்திய அலுவலகம், ஹட்டன்.