மாரிக்கு முன் பார்க்க வேண்டியவர்கள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கொங்கிறீற்றில் அச்சு அழுத்தி நீ போட்ட முற்றத்தின் போட்டோக்களைப் பார்த்தோம். கருங்கல் பதித்தது போலவே இருக்கிறது. அம்மா மட்டும் மழைக்கு வழுக்காதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா. மேலே பூசுகிற சீலரோடு வழுக்காத தூள் கலந்தாயா என்று அவவுக்கு ஒரு வரி எழுதிவிடு.

வேலை வரத்து குறைவு என்கிறாய். ஆரையம்பதியில் என்றால் என் பெயரைச் சொல்லியே நாலு முற்றம் பிடித்துத் தந்திருப்பேன். திருக்கோவிலில் நீ இன்னும் 'அந்த வீட்டு மருமகன்'தான். சரி, அதையே பிடித்துக்கொள். மாமாவைக் கூட்டிக்கொண்டு ஊரில் வீடு கட்டுகிற மேசன் பாஸ்மாரை ஒவ்வொருவராகப் போய்ப் பார்.

வீட்டுக்காரரைத் தேடி அலையாதே. அவர் ஆயுளுக்கு ஒரு வீடுதான் கட்டுவார். பாஸ்மார் வருசம் முழுக்கக் கட்டுகிறார்கள். கொங்கிறீற்று இறுக முன் அச்சு அழுத்துகிற நேரம் உங்கள் பக்கத்து வெயிலில் மிகக் குறைவு, உதவிக் கைகள் பல வேண்டும். அந்தக் கைகளை அவர்களுடைய பொடியன்களிலிருந்தே எடு, கூலியை அன்றைக்கே கொடு. அடுத்த வீட்டில் உன் வேலையைப் பற்றிப் பேசப்போவது அவர்கள்தான்.

கேற் செய்கிற வெல்டிங்காரரை விட்டுவிடாதே. நிலம் எவ்வளவு உயரும் என்று தெரியாமல் அவரால் கேற்றை மாட்ட முடியாது. வாசலுக்கு என்ன போடப்போகிறார்கள் என்று முதலில் கேட்கிறவர் அவர்தான். ஹாட்வெயார் கடையில் விசிற்றிங் காட் கொடுத்தால் லாச்சிக்குள் போய்விடும். (ஐந்நூறு அடித்தாயாமே, கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.) முதலாளியிடம் கேட்டு, கடை வாசற்படியை உன் செலவில் போட்டுக்கொடு. சீமெந்து வாங்க வருகிறவன் மிதித்துப் பார்க்கட்டும்.

இன்டர்லொக் கல் போடுகிறவர்களைப் போட்டியாக நினைக்காதே. புதிதாக நிரப்பின மண், அடியில் தண்ணிக் குழாய் என்றால் அந்த வேலையை அவர்களுக்கே விடு. கல்லைக் கிளப்பித் திரும்பப் பதிக்கலாம். உன் தளம் வெடித்தால் ஒட்டுப் போட்டது தெரியும். நீ இரண்டு வேலை அனுப்பினால் அவர்களும் ஒன்று அனுப்புவார்கள். ஆனால் கொமிஷனை வீட்டுக்காரரின் கணக்கில் ஒளித்து வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். எனக்கு அது பிடிக்காது.

அறுகம்பையில் உல்லாசப் பயணிகள் வருகிற சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாசி வரை. ஹோட்டல்காரர் திருத்த வேலையை மாரி விட்ட பிறகு தை, மாசியில் செய்வார்கள். யாரை வைத்துச் செய்வது என்று யோசிப்பது அதற்கு முன். ஐப்பசி, கார்த்திகை மழையில் உன்னாலும் கொங்கிறீற்று போட முடியாது. அப்போது அறுகம்பை இருக்கிற பொத்துவில் பக்கம் போய் ஹோட்டல்காரரைப் பார். போகிற வழியில் நீ முன்பு வேலை செய்த வீடுகளுக்கும் ஒருக்கா போ. ஈரத்தில் பூசிய சீலர் வெள்ளை படிந்து நிற்கும், மழைக் காலத்தில்தான் குறை தெரியும். கூப்பிட முன் நீயே போய் நின்றால் அந்த வீட்டுக்காரர் பத்துப் பேரிடம் சொல்வார்.

வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்கள் கட்டுவிக்கிற வீடு என்றால் காசு அனுப்புகிறவரை விட, இங்கே நின்று கட்டுவிக்கிற மச்சானோடு பேசு.

தீபாவளிக்கு வரும்போது இரண்டடிக்கு இரண்டடியில் மாதிரித் துண்டு இரண்டு கொண்டு வா, ஒன்று சாம்பல், ஒன்று செம்மண் நிறம். கல்லடியில் பிளான் கீறுகிற என் சினேகிதர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் வீட்டில் நிற்பார், அதற்கேற்ப பஸ்ஸைப் பிடி.

அன்புடன்,
அப்பா