ஐஸ் பிறக்கும் இடத்துக்குப் போய் வந்தோம்

பாம்பன்
28-8-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் ஆடி மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதில் இருந்து ஐஸ் கம்பெனியில் இரவும் பகலும் எனக்கு ஒன்றாகிவிட்டன. ஒருவழியாக எழுத உட்கார்ந்த அன்றுதான், கங்கோத்ரிப் பயணத்தில் நாங்கள் பார்த்த தராலி என்ற ஊரைப் பற்றிய செய்தி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் பேனாவைத் தொட மனம் வரவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகவும்தான்.

தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்கு வரன் அமைந்ததைப் படித்ததும் செல்வி அழுதேவிட்டாள். தையில் கல்யாணம் என்றால் இரண்டு நாள் முன்பாகவே வந்துவிடுவோம். மீன் வாங்கும் பொறுப்பை மட்டும் வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே.

நாங்கள் கங்கோத்ரிக்குப் போய் வந்ததை விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். ஆசைப்பட்டவள் செல்விதான். ராமநாதசுவாமிக்குக் கங்கை நீர் அபிஷேகம் நடப்பதைச் சிறு வயதில் இருந்தே பார்த்து வளர்ந்தவள். நம் கடற்கரை மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு, கங்கைத் தண்ணீரோடு திரும்பி வருகிறவர்களுக்கு அவள் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பிறக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது இருபது வருடமாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு போகாது. படகு போகாவிட்டால் ஐஸும் ஓடாது. இந்தத் தடவை கம்ப்ரசரைப் பிரித்து மாட்டும் வேலையை மே மாதம் நடுவிலேயே முடித்துவிட்டேன். முதலாளி லீவு கொடுத்துவிட்டார்.

நம் தீவில் ஏறிப் பழக மேடு ஏது? கந்தமாதன பர்வதம்தான் இங்கே உயரம். மாசியில் இருந்தே தினமும் விடியற்காலையில் முதுகுப் பையில் உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு குந்துகால் வரை மணலில் நடந்தோம். மணலில் நடந்து பழகிய கால் மலையில் ஏமாற்றவில்லை. எனக்குப் பத்து கிலோப் பை, அவளுக்கு ஏழு கிலோ. கம்பளி உடுப்பு, பருப்புப் பொடி, சாயல்குடிக் கருப்பட்டி, சுக்கு. இவற்றில் கருப்பட்டியும் சுக்கும்தான் எங்களைக் காப்பாற்றின.

ராமேசுவரத்தில் ரயில் ஏறி, ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேல் போகும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சென்னை, டெல்லி, ஹரித்வார், உத்தரகாசி. கங்கைக்கு அந்த மலையில் வழங்கும் பெயர் பாகீரதி; பஸ் அதை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தது. நம்மைப் போல் கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரே மூச்சில் மேலே போய்விடக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் ஹர்சிலில் இரண்டு இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கினோம். கங்கோத்ரியே 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பனியாற்றின் முகப்பில் கங்கை பிறக்கிற இடமான கோமுகம் ஏறக்குறைய 4,000 மீட்டர். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயு நம் கரையில் கிடைப்பதில் பத்தில் ஆறு பங்குதான்.

ஹர்சிலில் இருந்தபோது கால் பழகட்டும் என்று பக்கத்து ஊரான தராலிக்கு நடந்து போனோம். ஒருபுறம் பாகீரதி, மறுபுறம் மலையில் இருந்து இறங்கும் கீர் கங்கா என்ற ஓடை, சுற்றிலும் ஆப்பிள் தோட்டம். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி நாலு சொல்தான். ஆனாலும் இரண்டு பெண்களும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். எத்தனை பிள்ளைகள் என்று விரலில் எண்ணிக் காட்டினார்கள். செல்வி சுக்கைத் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி வைத்துக் கொடுத்தாள். அந்த அம்மா முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் அப்படியே நினைவில் நிற்கிறது. கிளம்பும்போது அந்த ஊர் ராஜ்மா விதையை ஒரு படி அளவுக்கு முந்தானையில் கொட்டினார். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார்.

கங்கோத்ரியில் இருந்து கோமுகத்துக்கு 18 கிலோமீட்டர், முழுக்க நடைதான். ஒரு நாளைக்கு 150 பேருக்கு மட்டுமே வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. ஒன்பதாவது கிலோமீட்டரில் சீர்பாசா. அதோடு பைன் மரங்கள் முடிந்துவிடுகின்றன. அதைத் தாண்டினால் சரளைக்கல் சரிவு. வெயில் ஏற ஏற மேலே இறுகிக் கிடக்கும் பனி இளகிக் கல் உருளத் தொடங்கும் என்பதால் அந்த இடத்தைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். நான் வேகமாகப் போய்ப் போய் நின்றேன். செல்வி நிற்கவே இல்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடப்பாளே, அதே சின்ன அடி, அதே வேகம். பதினான்காவது கிலோமீட்டரில் இருக்கும் போஜ்பாசாவுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அன்று இரவு எனக்குத் தலை பிளந்துவிடும் போல வலித்தது. வாந்தி வருகிற மாதிரி இருந்தது. கூடாரத்துக்குள் அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சுக்குத் தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தாள். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.  “விடிஞ்சும் வலி நிக்கலைன்னா இறங்கிடுவோம். கங்கை எங்கேயும் போகாது” என்றாள். முப்பத்தைந்து வருடம் ஒரு வீட்டில் இருந்தும் அந்த இரவில்தான் அவளை முழுவதும் தெரிந்துகொண்டேன் மாப்பிள்ளை. விடிந்தபோது வலி விட்டிருந்தது.

அடுத்த நாலு கிலோமீட்டரும் பாறைக் குவியல். எதிரே சிவலிங் சிகரம், 6,543 மீட்டர், வெயிலில் வெள்ளி வார்த்தது போல நின்றது. அதன் அடியில்தான் கோமுகம். வெள்ளை வெளேர் என்று ஒரு பனிச் சுவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். இருந்ததோ சாம்பல் நிறம். கல்லும் மண்ணும் அப்பிய பெரிய மதில். அதன் அடியில் இருந்து கலங்கலாகப் பீறிட்டு வருகிறது ஆறு. தண்ணீரில் ஐஸ் கட்டிகள் மிதந்து வந்தன. சுவர் இடிந்து விழும் என்று வழிகாட்டி எங்களைத் தள்ளியே நிறுத்திவிட்டார்.

முப்பத்திரண்டு வருடம் ஐஸ் செய்கிறவன் நான். எங்கள் தொட்டியில் உப்புத் தண்ணீரை அமோனியாவால் சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை குளிர வைத்து, அதற்குள் கேன்களை இறக்கினால், ஐம்பது கிலோ ஐஸ் பார் உறைய ஒரு நாள் ஆகும். ஓரத்தில் இருந்து உறைந்துகொண்டு வரும்போது, தண்ணீரில் இருக்கிற காற்றையும் உப்பையும் ஐஸ் நடுவுக்குத் தள்ளும். அதனால்தான் பாரின் நடுவில் பால் போல ஒரு தண்டு தெரிகிறது. மலையில் ஐஸ் பிறப்பது வேறு விதம். மேலே விழும் பனித்தூளின் மேல் அடுத்த வருடத்துப் பனி, அதன் மேல் அதற்கடுத்த வருடத்துப் பனி. அந்தப் பாரத்திலேயே அடிப்பனி நசுங்கி, காற்று பிதுங்கி, பல வருடம் கழித்துக் கெட்டி ஐஸ் ஆகிறது. மண் உதிர்ந்திருந்த ஒரு வெடிப்புக்குள் அந்த ஐஸைப் பார்த்தேன். மயில் கழுத்து நீலம். என் கையால் இத்தனை லட்சம் பார் எடுத்திருக்கிறேன், அந்த நிறத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

சத்தம் மட்டும் ஒன்றுதான். தொட்டியில் இருந்து எடுத்த கேனைச் சாதாரணத் தண்ணீரில் முக்கியதும் பார் ‘சடசட’ என்று வெடிக்குமே, அந்தச் சத்தம் சுவருக்குள் இருந்து வந்துகொண்டே இருந்தது. என் சட்டைக்குள் ரோமம் சிலிர்த்துவிட்டது. அது இளகுகிற ஐஸின் சத்தம்.

தமிழில் பனியாறு என்று பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். கங்கோத்ரி பனியாறு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம். அது நிற்பது போலத் தெரிந்தாலும் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே சேர்வது குறைந்து முகப்பில் கரைவது கூடும்போது முகப்பு பின்னால் போகிறது. 1935-ல் அளந்து குறித்த இடத்தில் இருந்து இப்போது ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. மேலே மூடியிருக்கிற கல்லையும் மண்ணையும் பற்றிக் கேட்டேன். கனமாக மூடியிருந்தால் ஐஸைக் காக்குமாம்; மெல்லிய படலமாக இருந்தால் வெயிலை உறிஞ்சி இன்னும் வேகமாகக் கரைக்குமாம். நம் அப்பாக்கள் காலத்தில் ஐஸ் பாரை உமியில் புதைத்து வைத்தது நினைவிருக்கிறதா? உமி குறைந்த பக்கம்தான் முதலில் ஒழுகும். அதே கணக்கு.

அங்கே நின்றபோது எனக்கு நம் கரை நினைவு வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. அதில் நம் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் ஒன்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது நம் ஆட்கள்தான். அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு உண்டு. ஆனால் கடலும் ஏறிக்கொண்டே இருக்கிறது. உலகத்து மலைகளில் ஒழுகும் ஐஸ் கடைசியில் வந்து சேரும் இடம் கடல். ஆண்கடலான மன்னார் வளைகுடாவுக்கும் பெண்கடலான பாக் நீரிணைக்கும் நடுவே ஒரு மணல் வரப்பில் குடியிருக்கிற நமக்குக் கோமுகம் தூரத்து ஊர் இல்லை மாப்பிள்ளை.

இனி அந்தச் செய்திக்கு வருகிறேன். ஆகஸ்ட் 5-ம் தேதி மதியம் கீர் கங்காவில் சேறும் பாறையுமாக வெள்ளம் வந்து தராலியை மூடிவிட்டது. டிவியில் நீயும் பார்த்திருப்பாய். எதிர் மலையில் இருந்து யாரோ எடுத்த படத்தில், ஓடு ஓடு என்று எச்சரிக்க அடிக்கிற விசில் கேட்கிறது. நாலு மாடிக் கட்டடங்கள் சீட்டுக்கட்டு சரிவது போலச் சாய்கின்றன. நாங்கள் உட்கார்ந்து காப்பி குடித்த பாலத்தடி அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது. செல்வி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன இரவைப் பற்றி அவள் அம்மா சொன்னதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரையில் நின்றவர்கள் கூப்பிட்டதும், காற்றில் அது கேட்காமல் போனதும்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். ஒரு மணி நேரம் பேசியும் பெயரைக் கேட்கவில்லையே என்று நாங்கள் இருவரும் மாய்ந்துபோகிறோம்.

உன் மூத்தவன் ராணுவத்தில் இப்போது டேராடூனில் இருப்பதாக எழுதியிருந்தாய். அவன் வழியாக விசாரிக்க முடியுமா? தராலியில் இருந்து தப்பியவர்களில் அந்த அம்மா இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும். பாலத்தில் இருந்து கங்கோத்ரிப் பக்கம் போகும்போது இடது கையில் இரண்டாவது கடை, நீலத் தகரக் கூரை, வாசலில் பிளவுபட்ட ஒரு ஆப்பிள் மரம். இடது புருவத்துக்கு மேல் பழைய தழும்பு இருக்கும். செல்வியும் அவரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற படம் இதோடு வைத்திருக்கிறேன். அவனுக்கு அனுப்பிவிடு. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், முடிந்தபோது விசாரிக்கச் சொல்.

அவர் கொடுத்த ராஜ்மாவில் பாதியைச் சமைத்துவிட்டோம். ஐந்தாறு விதையைச் செல்வி தொட்டியில் ஊன்றினாள். இந்த வெக்கையிலும் கச்சான் காற்றிலும் முளைக்காது என்று நான் சொன்னேன். இரண்டு முளைத்திருக்கின்றன. பூக்கவில்லை, கொடி மட்டும் கம்பைப் பிடித்து ஏறுகிறது. காலையில் எழுந்ததும் அவள் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

பதில் கிடைத்ததும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போன் செய். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் கம்பெனியில் விழித்துத்தான் இருப்பேன்.

உன் மச்சான்
சேது